வலயமும் வன்னி நிலமும்: நகர நிலப் பயன்பாட்டுக் கோட்பாடுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நகரப் புவியியலைத் தமிழ்மூலம் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் கலைச்சொற்களுள் ஒன்று 'வலயம்' என்பதாகும். மத்திய வணிக வலயம், மாறுநிலை வலயம், தொழிலாளர் குடியிருப்பு வலயம் என்றவாறு வட்டத்தினுள் வட்டமாக அமைந்த ஒரு படத்தை அவர் வரையப் பழகுகின்றார். வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து வரும் மாணவருக்கோ இச்சொல் வகுப்பறைக்கு வெளியேயும் நெடுங்காலம் பழக்கமானது. உயர் பாதுகாப்பு வலயம், பாதுகாப்பு வலயம், முகாமின் இலக்கமிடப்பட்ட வலயங்கள் என்பன அவரது குடும்ப வரலாற்றின் பகுதிகள். முதல் வகை வலயம் நகரம் வளர்கையில் இயல்பாகத் தோன்றுவது என்று பாடநூல் கூறும். இரண்டாம் வகை வலயம் அதிகாரம் உடையோர் வரைபடத்தில் இழுத்த கோடு என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்விரு வகை வலயங்களும் உண்மையில் அத்துணை வேறுபட்டவையா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. நகர நிலப் பயன்பாடு குறித்த புகழ்பெற்ற கோட்பாடுகளை ஒருபுறமும், முல்லைத்தீவு மாவட்டத்தின் உடையார்கட்டினையும் அதனைச் சூழ்ந்த வன்னி நிலத்தினையும் மறுபுறமும் நிறுத்தி இவ்வினாவை ஆராய்வோம். உடையார்கட்டு நகரம் அன்று. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்த ஒரு குளத்து ஊர், ஒரு சந்தி. ஆயின் ஒரு கோட்பாட்டின் வலிமை அது பிறந்த இடத்தில் அன்றி அதன் எல்லையிலேயே சோதிக்கப்படுகின்றது. நகரமாகும் வாய்ப்பும் நகரமாக விடப்படாத நிலைமையும் ஒருங்கே கொண்ட இத்தகைய ஊர்கள் அச்சோதனைக்கு மிகவும் ஏற்றவை.

கோட்பாடுகளும் அவற்றின் எடுகோள்களும்

ஏர்னெஸ்ட் பேர்ஜெஸ் 1925இல் வெளியிட்ட ஒருமைய வட்டக் கோட்பாடு சிக்காகோ நகரை அடிப்படையாகக் கொண்டது. நடுவே வணிக மையம். அதனைச் சூழ்ந்து சிதைந்த வீடுகளும் புதிதாக வந்தேறியோரும் நிறைந்த மாறுநிலை வலயம். அதற்கப்பால் தொழிலாளர் வீடுகள். அதற்கும் அப்பால் வசதி மிக்க குடியிருப்புகள். இறுதியில் நாள்தோறும் நகருக்கு வந்து செல்வோரின் புறநகர் என ஐந்து வலயங்களை அவர் வகுத்தார். ஒரு வலயத்தினர் அடுத்த வலயத்தினுள் நுழைந்து அதனைக் கைப்பற்றுவதனாலேயே நகரம் விரிகின்றது என்பது அவரது விளக்கம். இதற்கு அவர் கையாண்ட ஊடுருவல், தொடர்வருகை முதலாய கருத்துகள் தாவரச் சூழலியலிலிருந்து கடன் பெற்றவை. காட்டில் ஒரு செடியினம் மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பது போன்று நகரிலும் மனிதக் கூட்டங்கள் இடம்பிடிக்கின்றன என்பது இதன் உட்கிடை.

ஹோமர் ஹொய்ற் 1939இல் இக்கோட்பாட்டைத் திருத்தினார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் 142 நகரங்களின் வாடகைத் தரவுகளை ஆராய்ந்த அவர், உயர் வாடகைக் குடியிருப்புகள் வட்டமாக அன்றிப் பெருவீதிகளையும் இருப்புப் பாதைகளையும் ஒட்டி ஆரைத்துண்டங்களாக வெளிநோக்கி நீள்கின்றன என்று காட்டினார். 1945இல் ஹரிசும் உல்மனும் நகருக்கு ஒரே மையம் என்பதையே மறுத்துப் பல கருக்கள் உண்டென்றனர். 1964இல் வில்லியம் அலொன்சோ, வொன் தூனன் 1826இல் பண்ணை நிலத்துக்குக் கூறிய வாரக் கணக்கை நகர நிலத்துக்கு விரித்தார். மையத்துக்கு அண்மையிலுள்ள நிலத்துக்கு எவர் கூடிய விலை கொடுக்க வல்லாரோ அவரே அதனைப் பெறுவார் என்பது இவ்விளக்கத்தின் சாரம்.

இக்கோட்பாடுகளை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது எமது நோக்கமன்று. நகரம் ஒழுங்கற்ற குவியல் அன்று, அதற்கு ஓர் அமைப்புண்டு, அவ்வமைப்பைத் தரவுகளால் அறியலாம் என்பதை நிலைநாட்டியவை இவையே. சந்தியில் கடையும் அதன் பின்புறத்தே வீடும் அமைவதை விளக்க இன்றும் இவை உதவும். எனினும் இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு. நிலம் தடையின்றி வாங்கவும் விற்கவும்படுகின்ற பண்டம்; அதனை ஆள்வது விலை; அரசும் சட்டமும் இனமும் சாதியும் அவ்விலையின் மீது பின்னர் வந்து படியும் புறக் காரணிகள் என்பதே அவ்வெடுகோள்.

இவ்வெடுகோள் அது பிறந்த நகரத்திலேயே உண்மையாக இருந்ததா? பேர்ஜெஸ் வரைந்த படத்திலேயே கறுப்பின மக்களின் குடியிருப்பு வட்டங்களை ஊடறுத்துச் செல்லும் ஒரு பட்டியாகக் காட்டப்பட்டுள்ளது. வட்ட விதிக்கு அது கட்டுப்படவில்லை. ஏன் கட்டுப்படவில்லை? சிக்காகோவில் வெள்ளையர் பகுதிகளின் உறுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாதென்ற நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தன. நீதிமன்றங்கள் அவற்றை நடைமுறைப்படுத்த இயலாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1948இலேயே தீர்ப்பளித்தது. 1919இல் அந்நகரில் நிகழ்ந்த இனக் கலவரமும் அக்கோடு எவ்வாறு காவல் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். ஹொய்ற் 1933இல் வெளியிட்ட சிக்காகோ நில விலை வரலாற்றிலோ, எந்த இனத்தவர் குடியேறினால் நில விலை உயரும், எவர் வந்தால் தாழும் என இன வாரியாக ஒரு வரிசையே தரப்பட்டுள்ளது. இவற்றை நோக்கும்போது, விலை என்பது அதிகாரத்துக்குப் புறம்பான ஒன்றாக இயங்கவில்லை என்பதும், அதிகாரமே விலையின் வடிவில் எழுதப்பட்டிருந்தது என்பதும் தெளிவாகும்.

பேர்ஜெசுக்கு எண்பது ஆண்டுகள் முன்னர், 1845இல், பிரெடெரிக் எங்கெல்ஸ் மான்செஸ்ரர் நகரை விவரித்தபோது ஏறத்தாழ இதே வட்ட அமைப்பையே கண்டார். நடுவே வணிகப் பகுதி. அதனை ஒரு கச்சை போலச் சுற்றித் தொழிலாளர் சேரிகள். அப்பால் முதலாளிகளின் இல்லங்கள். ஆயின் அவர் அங்கு நிற்கவில்லை. மையத்துக்குச் செல்லும் பெருவீதிகளின் இருமருங்கும் கடைகள் வரிசையாக நின்று பின்னாலுள்ள வறுமையை மறைப்பதையும், செல்வர் தம் கண்ணில் அது படாமலே நாள்தோறும் போய்வர இயல்வதையும் அவர் சுட்டிக்காட்டினார். டேவிட் ஹாவி 1973இல் எழுதிய நூலில் இவ்விரு விளக்கங்களையும் ஒப்புநோக்கி, எங்கெல்சின் விளக்கமே பொருளாதார சமூக உண்மைக்கு நெருங்கியது என்று வாதிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இருவரும் கண்ட படம் ஒன்றே. ஒருவர் அதனை இயற்கையின் நிகழ்வாக நோக்கினார். மற்றவர் உற்பத்தி உறவுகளின் விளைவாக நோக்கினார்.

தமிழ் மரபில் நகர ஒழுங்கு

மேலைக் கோட்பாடுகளின் குறைகளைக் கண்டவுடன் எமது பண்டை நகரங்களைப் புகழ்ந்து ஆறுதலடைவது தமிழாய்வில் அடிக்கடி காணப்படும் ஒரு போக்காகும். அது பயனற்றது, சில வேளைகளில் தீங்கானதும்கூட. சிலப்பதிகாரம் காட்டும் புகார், மருவூர்ப்பாக்கம் பட்டினப்பாக்கம் என இரு கூறாகவும் இடையே நாளங்காடி உள்ளதாகவும் அமைந்தது. கடலை ஒட்டிய பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும். மற்றதில் அரசனும் உயர்ந்தோரும். மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி, வெளி என வீதிகள் கோயிலைச் சுற்றி வட்டமாக அமைவதைப் பேர்ஜெசின் படத்தோடு ஒப்பிட்டு மகிழ்வோர் உளர். ஆயின் மதுரையின் நடுவிடத்தை நிர்ணயித்தது வாடகையன்று, தெய்வமும் அரசும். நடுவிலிருந்து தொலைவு அங்கே குறித்தது பயணச் செலவையன்று, படிநிலையை.

யாழ்ப்பாணத்திலும் இதுவே நிலைமை. நல்லூர் இராசதானியின் நாற்றிசையிலும் வெயிலுகந்த பிள்ளையார், வீரமாகாளி அம்மன், கைலாசநாதர், சட்டநாதர் கோயில்கள் காவலாக அமைந்தன. ஐரோப்பியர் வந்தபின் கோட்டையை ஒட்டிப் பறங்கித் தெருவும், அதற்கப்பால் கன்னாதிட்டியில் பொற்கொல்லரும், சோனகர் தெருவில் முஸ்லிம்களும், குருநகரில் கடற்றொழிலாளரும் எனத் தொழிலும் மதமும் சாதியும் தெருவின் பெயராயின. எவர் எங்கே கிணறு வெட்டலாம், எவ்வழியே நடக்கலாம் என்பதை விதித்தது சந்தையன்று. ஆகவே எமது மரபும் நிலத்தை அதிகாரத்தாலேயே ஒழுங்கு செய்தது. இதனை ஒப்புக்கொள்வதால் இழப்பொன்றுமில்லை. மாறாக, நில ஒழுங்கின் பின்னால் எப்போதும் ஒரு சமூக உறவு நிற்கின்றது என்ற பொது உண்மைக்கு அது வலுச்சேர்க்கின்றது. சிக்காகோவில் உறுதியின் நிபந்தனையாகவும் மதுரையில் தெய்வத்தின் மையமாகவும் யாழ்ப்பாணத்தில் சாதியின் தெருவாகவும் தோன்றியது, வன்னியில் எவ்வடிவம் கொண்டது என்பதை இனி நோக்குவோம்.

குளமும் உறுதியும்

'உடையார்கட்டு' என்னும் பெயரைச் சொல்லளவில் நோக்கின் அது இரு கூறுகளால் ஆனது. உடையார் என்பது ஊரதிகாரி ஒருவரின் பதவிப் பெயர். கட்டு என்பது நீரை மறிக்கும் அணை. ஒன்று அதிகாரம், மற்றது நீர். வன்னி நிலப் பயன்பாட்டின் இரு திறவுகோல்களும் அவ்வூரின் பெயரிலேயே உள்ளன எனலாம்.

வன்னிக் குளக் குடியிருப்புகளின் பொது அமைப்பு யாவரும் அறிந்ததே. குளம், அதன் அணைக்கட்டு, துருசு, துருசிலிருந்து இறங்கும் வாய்க்கால், அதன் கீழ் வயல், வயலுக்கு மேலே மேட்டுக்காணியில் வீடும் தோட்டமும் கிணறும், அதற்கப்பால் காடு. வொன் தூனன் சந்தையிலிருந்து தொலைவை அளந்தார். இங்கே முதலில் அளக்க வேண்டியது துருசிலிருந்து தொலைவையாகும். வாய்க்காலின் தலைப்பகுதி வயலும் கடைப்பகுதி வயலும் பரப்பால் ஒன்றாயினும் பயனால் ஒன்றல்ல. காலபோகத்தில் மழை இவ்வேறுபாட்டை ஓரளவு மறைக்கும். சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீருக்கேற்ப எவ்வளவு பரப்பு விதைக்கப்படும், அதில் எவருக்கு எவ்வளவு பங்கு என்பன பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. அதாவது ஒரு பருவத்தின் நிலப் பயன்பாடு ஏலத்தால் அன்றிக் கூட்டத்தால் முடிவாகின்றது. இஃது அலொன்சோவின் படத்தில் இடமில்லாத ஒரு நிறுவனம். அக்கூட்டத்தில் காணியுடையோரின் குரலே கேட்கும், கூலிக்கு உழைப்போரின் குரல் கேட்பதில்லை என்பதையும் உடன் சேர்த்தே கூற வேண்டும்.

அடுத்தது உறுதி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் பயிரிடப்படாத நிலத்தையும் முடிக்குரியதாகக் கருதியது. இலங்கையின் நிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இன்றும் அரசுடைமையாயிருப்பதன் வேர்களுள் முதன்மையானது இதுவே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்நிலம் அனுமதிப்பத்திரத்தின் மூலமும் பின்னர் அளிப்புப் பத்திரத்தின் மூலமும் குடியேறியோருக்கு வழங்கப்பட்டது. கிளிநொச்சி நகரின் தோற்றமே இரணைமடுக் குளத்தின் கீழ் யாழ்ப்பாணத்தவரைக் குடியேற்றிய முயற்சியோடு பிணைந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய திட்டங்கள் பின்னர் வந்தவை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அங்கே மிளகாய் செழித்ததும், 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டமையால் வடபகுதி விவசாயிகள் தளர்ந்ததும் நாமறிவோம். கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு வர்த்தக முடிவு வன்னித் தோட்டத்தின் நிலப் பயன்பாட்டை ஒரே ஆண்டில் மாற்றக்கூடியதாக இருந்தது.

அனுமதிப்பத்திரக் காணியைத் தன் விருப்பப்படி விற்க இயலாது, துண்டாட இயலாது, வங்கியில் ஈடு வைப்பதும் கடினம். வயலை நிரப்பிக் கட்டடம் எழுப்புவதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. காட்டின் எல்லையை வனத் திணைக்களம் வரைகின்றது. இந்நிலையில் சந்தியில் ஒரு கடை எழுவதோ எழாமல் போவதோ விலையால் மட்டும் விளக்கத்தக்கதன்று. இங்கே விலை இறுதியில் வருவது. முன்னே நிற்பது பத்திரம்.

பத்திரம் இல்லாதோர்

பத்திரத்தை முன்னிறுத்தும் ஆய்வு, பத்திரம் இல்லாதோரை மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து பெயர்ந்த தொழிலாளர் பலர் வன்னியில் குடியேறினர். காடு வெட்டியோர் அவர்கள். மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தோரும் அவர்களே. எனினும் குளத்தின் கீழான வயற்காணி பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீரற்ற மேட்டிலும் காட்டோரத்திலும் உறுதியின்றியே அவர்களுட் பலர் வாழ நேர்ந்தது. பேர்ஜெசின் மாறுநிலை வலயத்தை வன்னியில் தேடுவோர் நகரின் நடுவில் தேட வேண்டியதில்லை. வாய்க்கால் முடியும் இடத்துக்கு அப்பால் தேடட்டும். அந்த எல்லையை வரைந்தது அரசு மட்டுமன்று. எமது சமூகத்தின் பிரதேச, சாதிய மனப்பாங்கும் அதில் பங்குகொண்டது. இதனைக் கூறாது விடும் நில ஆய்வு பாதி ஆய்வே.

பெண்களின் நிலையும் இத்தகையதே. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, ஆண்வழி உறவினருக்கு முன்னுரிமை தந்து வந்தது. பால் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே வந்தது. போர் முடிந்தபின் வன்னியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெண்களைத் தலைமையாகக் கொண்டவை என்பதை எண்ணுமிடத்து, அத்தாமதம் எத்தகைய விளைவுகளை ஏற்படுத்தியிருக்கும் என்பதை உணரலாம். கணவனின் பெயரிலிருந்த அனுமதிப்பத்திரம் போரில் அழிந்திருக்கலாம். கணவனும் காணாமற் போயிருக்கலாம். அந்நிலையில் தான் பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஒரு பெண் தன் உரிமையை நிறுவ வேண்டியவளானாள்.

வலயமான ஊர்

2009ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் அரசு வன்னியில் ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் பரப்புக் கொண்ட அவ்வலயத்துள் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் முதலிய பகுதிகள் அடங்கின. மேற்கேயிருந்து இடம்பெயர்ந்து வந்த மக்கள் பெருந்தொகையாக அங்கே திரண்டனர். சில நாட்களில் வயலோரமும் வீதியோரமும் வளவுகளும் தறப்பாள் கொட்டில்களால் நிறைந்தன. பாடசாலைகள் மருத்துவமனைகளாயின. வீட்டு முற்றங்களில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. மக்கள் அடர்த்தியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவ்வேளை உடையார்கட்டுப் பகுதி ஒரு நகரமாகவே இருந்தது. அந்நகரத்துக்கு வணிக மையமில்லை, வாடகையில்லை, புறநகரில்லை. அதன் எல்லையை வரைந்தோர் அதனுள் வாழ்ந்தோரல்லர். அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்து மக்கள் மாண்டதையும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்ததையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்துள்ளது. 'பாதுகாப்பு' என்ற அடைமொழி அந்நிலத்தின் பயன்பாட்டை விவரிக்கவில்லை. அந்நிலத்தின்மேல் ஒரு அறிவித்தலை மட்டுமே ஒட்டியது.

போரிலிருந்து தப்பியோர் வவுனியாவின் செட்டிகுளம் பகுதியிலுள்ள மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 700 ஹெக்டேயர் பரப்புக் கொண்ட அங்கு உச்சக் கட்டத்தில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். காடு வெட்டிச் சமன் செய்யப்பட்ட அந்நிலம் இலக்கமிட்ட வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்ற பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. நேர்கோட்டு வீதி, ஒரே அளவான கூடாரம், வரிசையாக நீர்த்தாங்கி, சுற்றிலும் முட்கம்பி என அமைந்த அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திட்டமிட்ட நகரின் வெளிவடிவம் அனைத்தும் அதற்கிருந்தது. இல்லாதது ஒன்றே: அதில் வாழ்ந்தோர் அதன் அமைப்பைப் பற்றி எதையும் தீர்மானிக்க இயலாது. நகரம் என்பது வீதியும் வலயமும் அல்ல, அவற்றைத் தீர்மானிக்கும் உரிமையே என்ற கருத்தை 1968இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஹென்றி லெபெவ்ர் முன்வைத்தார். மெனிக் பாம் அதனை எதிர்மறையில் நிரூபித்தது.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். போர் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கைக் காட்டி விதியை மறுக்கலாமா? மீள்குடியேற்றத்தின் பின் நிலைமை சீராகிவிட்டதே, வீதி செப்பனிடப்பட்டுள்ளது, சந்திகளில் கடைகள் எழுந்துள்ளன, ஆகவே இனி வழமையான கோட்பாடுகள் பொருந்துமல்லவா என்பர்.

இம்மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு. ஏ-35 வீதி வழியே இன்று கடைகள் நீளும் முறை ஹொய்ற் கூறிய வீதிவழி வளர்ச்சியை ஒத்தது. மக்கீ தென்கிழக்காசியாவில் கண்டு 'தேசகோத்தா' எனப் பெயரிட்ட, ஊரும் நகரும் ஒன்றினுள் ஒன்று கலந்த நிலவடிவம் வன்னிக்கு மேலும் நெருக்கமானது. ஆயினும் விதிவிலக்கு முடிந்துவிட்டது என்ற கூற்றை ஏற்க இயலாது. 2016இல் கிளிநொச்சி நகரின் பரவிப்பாஞ்சானிலும், 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு, பிலக்குடியிருப்புப் பகுதிகளிலும் மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளின் வாயிலில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அங்கே நிலப் பயன்பாட்டை நிர்ணயித்தது மையத்திலிருந்து தொலைவு அன்று, வேலி.

ஆயுதத்தோடு தொடர்பற்ற, அமைதியான ஓர் எடுத்துக்காட்டையும் கூறுவோம். இலங்கையின் குடித்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்பது மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குட்பட்ட பகுதியையே குறிக்கும். 1987இல் பிரதேச சபைகள் அமைக்கப்பட்டபோது பட்டின சபைகள் அவற்றுள் கரைந்தன. கிளிநொச்சி மாவட்டத்திலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும் நகர சபை எதுவும் இல்லாமையால், 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் நகரக் குடித்தொகை 18.2 விழுக்காடு எனப்பட்டபோது இவ்விரு மாவட்டங்களின் பங்கு பூச்சியமாயிற்று. ஏ-9 வீதியில் வங்கிகளும் மாவட்டச் செயலகமும் பொதுச் சந்தையும் புகையிரத நிலையமும் கொண்ட கிளிநொச்சி, புள்ளிவிபரத்தில் கிராமம். கண்முன் நிற்கும் நகரத்தைச் சட்டம் காணவில்லை. நகரமெனக் கருதப்படாத இடத்துக்கு வடிகால் திட்டமோ கழிவகற்றலுக்கான ஆளணியோ நகருக்குரிய அளவில் வருவதில்லை. வலயத்தை வரைவதற்கு முன்னரே, வரையத்தக்க நகரம் எது என்பதும் அதிகாரத்தால் முடிவாகிவிடுகின்றது.

சிலர் இதற்குத் தீர்வாக, அரச காணிகள் அனைத்துக்கும் தடையற்ற முழு உரித்து வழங்கிச் சந்தையிடமே விட்டுவிடலாம் என்பர். கடன்பட்ட விவசாயியும் தனித்த பெண்ணும் உழைப்பைத் தவிர வேறொன்றுமில்லாத மலையகத் தொழிலாளியும் வாழும் சமூகத்தில், முழு உரித்து என்பது முதல் நெருக்கடியிலேயே விற்கும் உரித்தாக முடியலாம். பத்திரமே இல்லாதோருக்கு அதிலும் பயனில்லை. முதலில் வேண்டுவது, குடியிருந்து உழைத்தோர் அனைவருக்கும் உறுதியான, பால் வேறுபாடற்ற உரிமை. அதன் பின்னரே அவ்வுரிமையை விற்பது குறித்த விவாதம் பொருளுடையதாகும்.

முடிவுரையாகச் சில

நகர நிலப் பயன்பாட்டுக் கோட்பாடுகளை எமது பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவற்றை இடமும் காலமும் சுட்டிக் கற்பிக்க வேண்டும் என்கின்றோம். பேர்ஜெசின் ஐந்து வட்டங்களை வரையும் மாணவர், அவ்வட்டங்களை ஊடறுத்த பட்டியையும் அதனை உருவாக்கிய உறுதிகளையும் சேர்த்தறிய வேண்டும். அடுத்துத் தம் ஊரின் படத்தை வரைய வேண்டும். அப்படத்தில் வீடு, கடை, வயல் என்ற நிறங்கள் மட்டும் போதா. இந்நிலம் எவர் பெயரில் உள்ளது, எந்தப் பத்திரத்தால், இதற்கு நீர் எத்துருசிலிருந்து வருகின்றது, எவருக்கு வருவதில்லை, இந்த எல்லையை எவர் எப்போது வரைந்தார் என்ற வினாக்களுக்கான விடைகளும் அதில் இடம்பெற வேண்டும்.

இத்தகைய ஊர்ப்படங்கள் உடையார்கட்டுக்கும் விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இன்று அவசரத் தேவையாகும். பத்திரங்கள் அழிந்தன; எல்லைக் கற்கள் பெயர்ந்தன; எவர் எங்கிருந்தார் என்பதை நினைவில் கொண்டுள்ள முதியோர் குறைந்து வருகின்றனர். அந்நினைவைக் கிராம அலுவலரின் பதிவோடும் நில அளவைப் படத்தோடும் ஒப்புநோக்கி எழுதி வைப்பது, புவியியல், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளின் மாணவர் ஒருங்கிணைந்து செய்யக்கூடிய பணி. நாளை ஒரு திணைக்களம் வரைபடத்தோடு அவ்வூருக்கு வரும்போது, ஊரவர் கையிலும் ஒரு வரைபடம் இருத்தல் வேண்டும்.